பிரண்டைத் துவையலும் மெலாக்சிகாமும்: ஒரு லாப்ரடாரின் நாற்பது பக்க நோட்டு

2022 ஜூனில் பிரவுனியை முதன்முறையாகப் பார்த்தபோது நான் கேட்ட கேள்வியே தவறு. "வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா, டீச்சர்?" என்றேன், அவளை வளர்ப்பவரிடம். "எதுவும் இல்லை, டாக்டர்" என்றார். 'வேறு மருந்து இல்லை' என்று சீட்டில் எழுதி அதற்கு அடிக்கோடும் போட்டேன். டீச்சர் பொய் சொல்லவில்லை. அந்த அடிக்கோட்டுக்கான விலையை நான்கு மாதம் கழித்து நாய் கொடுத்தது.

கோவையில் சிறிய கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் நான். குணமாகாத, ஆனால் சமாளிக்கக்கூடிய நோய்களோடு வரும் வயதான நாய்கள்தான் என் நாளின் பாதி. ஆங்கில மருந்தும் நாட்டு வைத்தியமும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்காத குடும்பம் அபூர்வம். பெரும்பாலும், அவர்கள் கேட்பதற்குள் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். பிரவுனியின் கதையை எழுதுவது அதனால்தான். நாயின் பெயரையும் குடும்பத்தின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

லாப்ரடார், பெண், கருத்தடை செய்யப்பட்டவள், ஒன்பது வயது, எடை 38.4 கிலோ. விலா எலும்பைத் தொட விரலை நன்றாக அழுத்த வேண்டியிருந்தது. படுத்து எழும்போது பின்னங்கால்கள் இரண்டும் இறுகிக்கொள்ளும். நாலைந்து தப்படி நடந்த பிறகு இளகும். மாடிப்படி ஏறுவதை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. இடுப்பைப் பின்னால் நீட்டினால் முனகினாள். எக்ஸ்ரேயில் இரு பக்கமும் இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமில்லாமல், பந்து பாதி வெளியே நின்றது. ஓரங்களில் எலும்பு முளைகள். வளரும் வயதிலேயே தளர்ந்துபோன மூட்டு, அதன்மேல் வந்த தேய்மானம். லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு இது புதிய கதை அல்ல.

ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.3. இயல்பு எல்லைக்குள்தான். அன்று சிறுநீர் பிடிக்க முடியவில்லை. மறுநாள் கொண்டுவரச் சொன்னேன், வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். இது என் இரண்டாவது தவறு. சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் எல்லை தாண்டும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். ஒரு பாட்டில் மூடி அளவு சிறுநீர் இருந்திருந்தால் போதும்.

வலிக்கும் வீக்கத்துக்குமான மெலாக்சிகாம் எழுதினேன். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., பிறகு தினமும் 0.1. இந்த மருந்தின் மேல் எங்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்ததால், 2006இல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் அதே வழியில் போயின. நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு ஆபத்தில்லாதது என்று பெயர் வாங்கியது மெலாக்சிகாம். ஆனால் அது கழுகுக்குக் கிடைத்த சான்றிதழ். வயதான நாயின் சிறுநீரகத்துக்கு அது செல்லாது.

எடையைக் குறைக்கச் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. மூன்று வாரத்தில் டீச்சர் போனில் அழைத்து, பிரவுனி மாடி ஏறிவிட்டாள் என்றார். சந்தோஷமாக இருந்தது. மறுபரிசோதனைக்கு ஒரு மாதத்தில் வரச் சொன்னேன். நன்றாக இருக்கும் நாயை யார் அழைத்து வருவார்கள்?

அக்டோபர்

இரண்டு நாளாக வாந்தி. சாப்பாடு இல்லை. மலம் தார் போலக் கறுத்திருந்தது. ஒரு மாதமாகத் தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிறது என்றார்கள். ஈறு வெளுத்திருந்தது. கிரியேட்டினின் 2.6, ரத்தச் சிவப்பணுக்களின் கொள்ளளவு 29 சதவீதம், சிறுநீரின் அடர்த்தி 1.014. அதாவது வயிற்றிலோ குடலிலோ ரத்தக் கசிவு. கூடவே சிறுநீரகமும் தள்ளாடுகிறது. எலிக் காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் பரிசோதித்தோம், இரண்டும் இல்லை. ஸ்கேனில் சிறுநீரகங்கள் சற்று வெளுத்துத் தெரிந்தன, கல் இல்லை.

மெலாக்சிகாமை அன்றே நிறுத்தினேன். மூன்று நாள் சலைன், வாந்திக்கு மாரோபிடன்ட், வயிற்றுக்குப் பான்டோபிரசோலும் சுக்ரால்ஃபேட்டும். இந்த இடத்தில் எந்த மூலிகைக்கும் வேலை இல்லை. ரத்தம் கசியும் நாயிடம் கஷாயத்தோடு நிற்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மூன்றாம் நாள் மதியம் டீச்சரின் மாமியார் வந்தார். எண்பதைத் தாண்டியவர். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். "ஆஸ்பத்திரிச் சோறு அவளுக்கு இறங்காது, தம்பி. வீட்டில் சாப்பிடுவதையே கொண்டுவந்தேன்" என்றார். மூடியைத் திறந்தேன். குழைந்த சோறு, அதில் கறும்பச்சையாகப் பிசைந்திருந்தது துவையல். புளி வாசனையும் பூண்டு வாசனையும் சேர்ந்து வந்தன.

"பிரண்டை. எலும்புக்கு நல்லது. ஆறு மாதமாகத் தினமும் இரண்டு உருண்டை கொடுக்கிறேன்."

"மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்றார்களே, பாட்டி?"

"இது மருந்தா? துவையல்."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. நம் சமையலறையில் உணவுக்கும் மருந்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. நான்தான் சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு கேள்வி கேட்டிருக்கிறேன். பாட்டி குனிந்து பிரவுனியின் தொடையைத் தடவியபோது இன்னொரு வாசனை எழுந்தது. காரமான, இனிப்பான வாசனை. கிளினிக்கின் டெட்டால் நெடியில் அதுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஊட்டிக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவந்த விண்டர்கிரீன் தைலமாம். இரவில் தேய்த்துவிடுவார்களாம். காலையில் பார்த்தால் காய்ந்திருக்குமாம். அது காயவில்லை, பிரவுனி நக்கிவிட்டாள்.

மூன்றும் சேர்ந்த இடம்

மெலாக்சிகாம் வலியைக் குறைப்பது புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளின் உற்பத்தியைத் தடுத்து. அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரைக் காக்கிறது; உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது. விண்டர்கிரீன் எண்ணெய் என்பது ஏறக்குறைய முழுக்க முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. மெலாக்சிகாம் சாப்பிடும் நாய் அதையும் நக்கினால், ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் சாத்துவது போலத்தான். கறுப்பு மலத்துக்கு நான் வேறு காரணம் தேடவில்லை.

துவையலின் கணக்கு இன்னும் சிக்கலானது. பிரண்டையை நறுக்கினால் கை அரிக்கும், பச்சையாக வாயில் வைத்தால் நாக்கு அரிக்கும். காரணம் அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். அரிப்பை அடக்கத்தான் எண்ணெயில் வதக்கிப் புளி சேர்க்கிறோம். நல்ல சமையல் அறிவு அது, மனிதனுக்கு. உடலில் சேரும் ஆக்ஸலேட் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது ஏன் என்று நெடுநாள் புரியாமல் இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2022இல் எழுதினார்கள். அவர்கள் காட்டிய சான்றுகளில் புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் உண்டு. எல்லா நாய்க்கும் ஒரே அளவில் கெடுதல் செய்வதில்லை என்பதுதான் இதில் தொல்லை. நம் வீடுகளில் எத்தனையோ நாய்கள் ரசம் சோறு தின்று பதினான்கு வயது வாழ்ந்திருக்கின்றன. அந்த நாய்களைக் காட்டித்தான் எல்லோரும் என்னிடம் வாதாடுகிறார்கள்.

பிரவுனியின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இது ஒன்றுதான் என்று விரலை நீட்ட எனக்கு மனம் இல்லை. ஏற்கெனவே மெல்லத் தேய்ந்துகொண்டிருந்த சிறுநீரகம். அதைக் கண்டுபிடிக்காமல் நான் எழுதிய மாத்திரை. நக்கிய தைலம். தினமும் இரண்டு உருண்டை. வாந்தியால் வற்றிய உடல். இதில் என் பங்கு பாட்டியின் பங்கைவிடக் குறைவில்லை என்று அவரிடமே சொன்னேன். அதைச் சொல்லாமல் துவையலை மட்டும் குற்றம் சொல்லியிருந்தால், அடுத்த முறை எதையும் என்னிடம் காட்டியிருக்க மாட்டார்.

நோட்டு

இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.9க்கு இறங்கியது, ஆறாவது வாரம் 1.8. அதோடு நின்றது. நாட்பட்ட சிறுநீரக நோய், இரண்டாம் நிலை. இனி மெலாக்சிகாம் வகை மருந்து எதையும் நிம்மதியாகக் கொடுக்க முடியாது. மூட்டு வலியோ அப்படியே இருக்கிறது. ஒருங்கிணைந்த சிகிச்சை என்று பெரிய பெயரில் அழைப்பது இந்த இடத்தில்தான் உண்மையில் தேவைப்பட்டது: ஒரு கை கட்டப்பட்ட நிலையில், மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுப்பது.

பக்கத்துக் கடையில் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிப் பாட்டியிடம் கொடுத்தேன். ஒரே விதி. பிரவுனியின் வாய்க்குள் போவது, அவள் மேல் பூசுவது, இரண்டும் இதில் ஏற வேண்டும். மருந்தா, உணவா, தைலமா என்று பிரிக்க வேண்டாம். இரண்டாவது விதியைப் பிறகு சேர்த்தோம்: புதிதாக ஒன்றைத் தொடங்கினால், மூன்று வாரத்துக்கு வேறு எதையும் தொடங்கக் கூடாது.

முதல் வாரத்தின் பக்கங்களைப் படித்தபோதுதான் எடை ஏன் குறையவில்லை என்று புரிந்தது. காலை மூன்று இட்லி. பத்து மணிக்கு டீச்சரின் காபியோடு நான்கு மாரி பிஸ்கட். மதியம் தயிர்ச் சோறு. மாலை பேரன் தரும் வேர்க்கடலை மிட்டாய் 'கொஞ்சம்'. இரவு நாய் உணவு. நாய் உணவை மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

முப்பது கிலோவை இலக்காக வைத்து நாளுக்கு 900 கலோரி என்று கணக்கிட்டேன். சிறுநீரக நோய்க்கான உணவைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடச் சொன்னேன். வேறு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வேகவைத்த சுரைக்காய். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களை ஒரே ஈற்றுக் குட்டிகளாக ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை பாதிக்குப் பாதி 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எந்தச் சூரணமும் எந்த மாத்திரையும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை.

வலிக்குக் காபாபென்டின் 300 மி.கி. காப்ஸ்யூல், இரண்டு வேளை. அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால் குறைந்த அளவு. திரவ வடிவத்தை வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மனிதர்களுக்கான சில திரவங்களில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிடால் நாய்க்கு விஷம். மீன் எண்ணெய் சேர்த்தோம். மூட்டுக்கான கூடுதல் சத்துகளில் ஓரளவு நம்பும்படியான சான்று அதற்குத்தான் இருக்கிறது. குளுக்கோசமைனுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை, விலையோ அதிகம்; விட்டுவிட்டோம். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயை அந்த அளவுக்குக் கொடுத்தால் ஏ, டி வைட்டமின்கள் ஏறிவிடும். டீச்சர் முதலில் வாங்கிவந்தது ஈரல் எண்ணெயைத்தான். நோட்டில் லேபிளைக் கிழித்து ஒட்டியிருந்ததால் தெரிந்தது.

பிரண்டை, புளி, பூண்டு நின்றன. விண்டர்கிரீன் தைலம் பக்கத்து வீட்டுக்கே திரும்பிப் போனது. பாட்டி முடக்கத்தான் கேட்டார், மஞ்சளும் மிளகும் கேட்டார். முடக்கத்தானுக்கு இரண்டாவது விதியைக் காட்டினேன். மஞ்சளைக் கைப்பிடியாகக் கொடுத்தால் அதிலும் ஆக்ஸலேட் உண்டு. மிளகு மற்ற மருந்துகளை உடம்பில் அதிக நேரம் தங்க வைத்துவிடும்.

"அப்படியானால் நான் என்னதான் செய்வது?" என்று பாட்டி கேட்டார். கோபமாக அல்ல. ஆறு மாதமாக அந்த நாய்க்காகத் தினமும் அம்மியில் அரைத்தவர் கேட்கும் கேள்வி அது.

நொச்சி இலையைக் கொடுத்தேன். வதக்கித் துணியில் முடிந்து, தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்து, இடுப்பில் பத்து நிமிடம் ஒத்தடம். பிறகு உள்ளங்கையில் நாலு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுத் தொடைத் தசைகளை மேலிருந்து கீழாக நீவுவது. நல்லெண்ணெயை நக்கினாலும் கேடில்லை. கற்பூரம் கலந்தது கூடாது. இதில் நொச்சிக்கு எவ்வளவு பங்கு, சூட்டுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் சூட்டுக்கே அதிகம் என்பேன். இருந்தாலும் நொச்சி என்றால் பாட்டி தினமும் செய்வார், வெந்நீர்ப் பை என்றால் செய்ய மாட்டார்.

நாட்டு மருந்தை நான் ஒட்டுமொத்தமாக ஒதுக்குபவன் அல்ல. மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறையைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமே பால் உற்பத்தியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நானும் தோட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அதில் அளவு இருக்கிறது, எந்த விலங்குக்கு என்று இருக்கிறது, எத்தனை நாள் என்று இருக்கிறது. வாகடம் என்னும் பழைய கால்நடை வைத்திய மரபு மாட்டையும் குதிரையையும் யானையையும் அருகில் உட்கார்ந்து பார்த்த மரபு. அதை எடுத்து லாப்ரடாருக்கு ஒட்டுவது அந்த மரபுக்கே செய்யும் அவமரியாதை.

எது வேலை செய்தது

நாயின் வலியை வீட்டார் கண்ணால் அளப்பதில் ஒரு பொறி உண்டு. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூட்டுத் தேய்மானத்துக்கு வெற்று மாத்திரை பெற்ற நாய்களைப் பார்த்து, பல முறை வளர்ப்பவர்கள் முன்னேற்றம் என்றார்கள். மருத்துவர்களும் பத்துக்கு நான்கு முறை ஏமாந்தார்கள். எனவே பாட்டியின் நம்பிக்கையையும் என் நம்பிக்கையையும் ஓரமாக வைத்து, மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்தோம்: வாசலின் மூன்று படிகள், படுக்கையிலிருந்து எழ ஆகும் நேரம், தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்வருவது. ஞாயிறுதோறும் பேரன் செல்போனில் படம் எடுப்பான். தேதி சொல்லாமல் கலைத்து எனக்கு அனுப்புவான். நான் மதிப்பெண் போடுவேன்.

அந்த மதிப்பெண்ணில் முதலில் தெரிந்த தாவல் எந்த மருந்துக்கும் சொந்தமில்லை. கூடத்தின் வழவழப்பான டைல்ஸ் தரையில் படுக்கையிலிருந்து வாசல் வரை தேங்காய் நார் விரிப்பு போட்ட வாரம் அது. எழ ஆகும் நேரம் பதினொரு நொடியிலிருந்து ஆறுக்கு வந்தது. வழுக்கும் தரையில் பிரவுனி எழுந்த ஒவ்வொரு முறையும் பின்னங்கால்கள் விரிந்து இடுப்பு இழுபட்டிருக்கிறது. இதை நான் ஜூனிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அக்குபங்சர் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர் வாரம் ஒருமுறையாக ஆறு முறை ஊசி வைத்தார். பிரவுனி ஊசியோடு தூங்கிப்போவாள். டீச்சருக்கு மிகவும் பிடித்திருந்தது. என் மதிப்பெண்ணில் அந்த ஆறு வாரமும் அதற்குப் பிந்தைய எட்டு வாரமும் ஒன்று போலவே இருந்தன. ஒரு நாயை வைத்து அந்த முறையையே தள்ள முடியாது. ஆனால் இந்த நாய்க்குக் காரில் ஏறி இறங்குவதே வலி என்பதால் நிறுத்தினோம். டீச்சருக்கு இன்றும் என்மேல் அதில் ஒரு வருத்தம் உண்டு.

2023 ஆகஸ்டில் எடை 31.2 கிலோ. கிரியேட்டினின் 1.7 என்று வந்ததும் டீச்சர் இனிப்பு கொண்டுவந்தார். நான் அவ்வளவு மகிழவில்லை. உடம்போடு தசையும் இளைத்தால் கிரியேட்டினின் தானாகவே குறையும். சிறுநீரகத்தின் திறனைக் காட்டும், தசை அளவைச் சாராத எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன், முந்தைய 20 அப்படியே 20. சிறுநீரகம் தேறவும் இல்லை, சரியவும் இல்லை. அதன் பிறகு இனிப்பைச் சாப்பிட்டேன்.

மார்கழி

அந்த டிசம்பரில் பின்னடைவு. குளிரில் இறுக்கம் திரும்பியது. பிள்ளையார் கோயில் வரை போகாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். காபாபென்டினைக் கூட்டினேன், குடித்தவள் போலத் தள்ளாடினாள், இரண்டே நாளில் பழைய அளவுக்கு வந்தேன். வலிக்கான இன்னொரு மருந்தான அமன்டடின் 100 மி.கி. தினம் ஒன்று சேர்த்து மூன்று வாரம் காத்திருந்தோம். காலை ஒத்தடத்தை இரண்டு வேளை ஆக்கினார் பாட்டி. படுக்கைக்குக் கீழே சாக்கு இரண்டு மடிப்பு போட்டார். பொங்கலுக்குள் கோயில் வரை போகத் தொடங்கினாள், திரும்பும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டு வருவாள். இதில் எது கைகொடுத்தது என்று பிரிக்க முடியவில்லை. இரண்டாவது விதியை நானும் பாட்டியும் சேர்ந்தே மீறியிருந்தோம்.

2024 நவம்பரில் மூன்றாவது நோட்டோடு வந்தார்கள். பிரவுனிக்குப் பதினொரு வயது தாண்டியிருந்தது, எடை 30.8, கிரியேட்டினின் 1.9. பக்கங்களைப் புரட்டினேன். பாட்டியின் கையெழுத்து பென்சிலில், சாய்ந்து சாய்ந்து: 'நொச்சி காலை. நொச்சி மாலை. மாத்திரை 2. சுரைக்காய் தின்னவில்லை.' ஒரு பக்கத்தில் சிறிய காகிதப் பொட்டலம் ஒன்று ஸ்டேப்பிள் செய்யப்பட்டிருந்தது. உறவினர் ஒருவர் கொடுத்த மூட்டு வலிச் சூரணம். மேலே பெயர் இல்லை, சரக்கு என்னென்ன என்று இல்லை. உள்ளே செங்காவி நிறத்தில் பொடி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் எழுபதைச் சோதித்ததில் பதினான்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் வந்த அறிக்கை நினைவுக்கு வந்தது. அவற்றுக்காவது லேபிள் இருந்தது.

பொட்டலத்துக்குக் கீழே பாட்டி எழுதியிருந்தார்: 'இரண்டு நாளாக இருக்கிறது. கொடுக்கவில்லை. தம்பியைக் கேட்க வேண்டும்.'

ஸ்டேப்பிள் முள்ளை நகத்தால் நெம்பி எடுத்துப் பொட்டலத்தை என் மேஜை இழுப்பறையில் போட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பொங்கல் கழிந்த முதல் வாரத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.